கோல் போடுவதா, கோலைக் காப்பதா?



கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகர்ப் பல்கலைக்கழகத் திடலிலோ மாலை வேளையில் காற்பந்தாட்டம் நடக்கும்போது சற்று நேரம் நின்று பாருங்கள். கோட்டுக்கு உள்ளே இருபத்திரண்டு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். கோட்டுக்கு வெளியே வேறோர் ஆட்டம் நடக்கும். "ஏறி ஆடு! ஏறி ஆடு!" என்று ஒருவர் தொண்டை வறளக் கத்துவார். "பின்னாலே ஆளே இல்லை, இறங்கி நில்!" என்று அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் அதட்டுவார். பந்தைத் துரத்தும் சிறுவன் யார் சொல் கேட்பான்? ஊதல் ஒலித்து ஆட்டம் முடிந்துவிடும். இவ்விருவர் வழக்கு முடிவதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அது தொடரும்.

முதலாமவர் தாக்குதல் கட்சி. எதிரி மூன்று கோல் போட்டால் நாம் நான்கு போடுவோம் என்பது அவர் கொள்கை. இரண்டாமவர் காப்புக் கட்சி. முதலில் கோல் வாங்காதே, பிறகு கிடைக்கிற ஒரு வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள் என்பது அவர் சித்தாந்தம். முன்னவரைத் துணிச்சல்காரர் என்றும் பின்னவரைக் காரியவாதி என்றும் உலகம் அழைக்கிறது. இவர்களில் யார் சொல்வது சரி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். பன்னாட்டு ஆட்டங்களுக்கு உரிய காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் பரப்பு 7,140 சதுர மீட்டர். கோல்கீப்பரை நீக்கினால் ஓர் அணியில் எஞ்சுவோர் பத்துப் பேர். திடலைப் பங்கிட்டால் ஒருவர் பங்குக்கு 714 சதுர மீட்டர் விழுகிறது. ஒரு மனிதன் தனியாகக் காவல் காக்கக்கூடிய பரப்பா அது? ஆகவே எந்த அணியாலும் திடல் முழுவதையும் நிரப்ப முடியாது. ஏதேனும் ஓரிடத்தைக் காலியாக விட்டே தீரவேண்டும்.

பயிற்சியாளரின் உத்தி என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்: எந்த இடத்தைக் காலியாக விடுவது? தாக்கும் அணி தன் முதுகுப் பக்கத்தைக் காலியாக விடுகிறது. பின்வரிசைக்காரர்கூட முன்னேறிச் சென்று எதிரியை நெருக்குவார். பந்து பறிபோனால் பின்னே வெட்டவெளி. காக்கும் அணி தனக்கு முன்னே உள்ள இடத்தைக் காலியாக விடுகிறது. வரிசைகளை நெருக்கிக்கொண்டு தன் கோலுக்கு அருகே நிற்கும்; எதிரி நெடுநேரம் பந்தை வைத்துக்கொள்வான், ஆனால் நுழைய வழி இராது. இரண்டிலும் இழப்பு உண்டு. இரண்டிலும் ஆதாயம் உண்டு. ஒன்று வீரம், மற்றொன்று கோழைத்தனம் என்று பேசுவது ஆட்டத்தை அறியாதவர் பேச்சு.

அப்படியானால் எதைக் கொண்டு முடிவு செய்வது? திருக்குறளில் அரசனுக்குரிய அறிவைச் சொல்லவந்த வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். போருக்குச் செல்லும் மன்னனுக்கு வகுத்த இந்த வரிசை, பதினொருவரைத் திடலுக்கு அனுப்பும் பயிற்சியாளனுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

வலியறிதலுக்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் பின்னாளில் இந்திய அணியின் பயிற்சியாளரானார். அவர் பயிற்சி அளித்த ஐதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951ஆம் ஆண்டு டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் பெற்றதும் அவர் பயிற்சியில்தான்.

ஆனால் அடுத்த ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10-1 என்ற கணக்கில் இந்தியாவை நொறுக்கிவிட்டது. ரஹீம் அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றார். உலகத்தில் மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதை உன்னிப்பாகக் கவனித்துத் தம் அணியின் அமைப்பை மாற்றினார். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்கு ஏறியது இந்தியா. அந்த ஆட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். முடிவில் இந்தியாவுக்கு நான்காவது இடம் கிடைத்தது. 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் பிரேசில் நான்கு பேர் பின்னும், இருவர் நடுவிலும், நால்வர் முன்னுமாக நின்று உலகை வியக்கவைத்தது. அவ்வமைப்பை ரஹீம் நம் ஆட்டக்காரர்களுக்கும் பழக்கினார்.

இப்பொழுது 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வருவோம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று இந்தியா தோற்றது. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது, பின்வரிசையின் தூணாக விளங்கிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. தலையில் காயம்பட்ட பின்வரிசைக்காரர், உயரே வரும் பந்துகளை முட்டித் தள்ளுவது எங்ஙனம்? அவரை வெளியே உட்காரவைப்பதே எவருக்கும் தோன்றும் வழி.

ரஹீம் அவரை முன்வரிசைக்கு நடுவே நிறுத்தினார். ஜர்னைல் சிங் இளமையில் முன்வரிசையில் ஆடிப் பழகியவர் என்பதை அவர் மறந்துவிடவில்லை. அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியா எதிர்ப்பட்டது. 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் போட்டார்கள். 2-1 என்று இந்தியா தங்கம் வென்றது.

நேயர்களே, இந்த முடிவு தாக்குதலா, காரியவாதமா? பின்வரிசைக்காரரை முன்னே அனுப்பியதால் அது தாக்குதல். காயம்பட்ட ஒருவரைக்கொண்டு என்ன செய்யமுடியும் என்று கணக்கிட்டதால் அது காரியவாதம். கையிலுள்ள வலிமையைச் சரியாக அறிந்தவனிடம் இவ்விரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்தது காலமறிதல். அதே இறுதியாட்டத்தை மறுபடி எண்ணிப் பாருங்கள். முதல் இருபது நிமிடங்களுக்குள் இரண்டு கோல்கள் விழுந்துவிட்டன. அதன்பின் வேலை வேறு. கொரியர்கள் ஒரு கோலைத் திருப்பியது 85ஆம் நிமிடத்தில்தான். அதுவரை இந்தியக் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். அவர், நீலகிரியின் வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் ஆடிப் புகழ்பெற்றவர். 1955, 1958 ஆகிய ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்ற அணி அது. ஒரே அணி, ஒரே நாளில், தாக்கவேண்டிய வேளையில் தாக்கியது. காக்கவேண்டிய வேளையில் காத்தது.

வேளை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1982ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் பிரேசிலும் இத்தாலியும் பார்சிலோனாவில் ஆடிய ஆட்டத்தைச் சொல்வார்கள். டெலே சந்தானா பயிற்றுவித்த பிரேசில் அணியின் ஆட்டம் அவ்வளவு அழகு. சமநிலை கிடைத்தாலே அடுத்த சுற்றுக்குச் சென்றுவிடலாம். இருமுறை பின்தங்கி இருமுறையும் எட்டிப்பிடித்தது. 2-2 என்று நின்றது. அதன்பிறகும் ஒரு கோல் வாங்கி 3-2 என்று தோற்றது. இத்தாலியின் மூன்று கோல்களையும் பாவ்லோ ரோசி அடித்தார். கண்மூடித் தாக்கியதால் வந்த கேடு இது என்று காப்புக் கட்சியினர் இன்றும் வாதிடுகிறார்கள். ஆயினும் அந்த மூன்றாவது கோல் ஒரு கார்னர் உதையிலிருந்து வந்தது என்பதையும், அப்போது பிரேசில் ஆட்டக்காரர்கள் தங்கள் கோலைச் சூழ்ந்தே நின்றார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. திரும்பி வந்து நின்றால் மட்டும் போதாது. நிற்கும் கலையும் தெரிந்திருக்கவேண்டும் என்பதே அதன் பாடம்.

மூன்றாவது இடனறிதல். இதற்கு நம் சென்னை அணியின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். கடலூர், சிதம்பரம் இளைஞர்கள் தங்கள் அணி என்று கொண்டாடும் சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17ஆம் நாள் பெங்களூரில், பெங்களூர் அணியை அதன் சொந்தத் திடலிலேயே இறுதியாட்டத்தில் சந்தித்தது. மேனேஜர் ஜான் கிரெகரி காரியவாதப் பள்ளியைச் சேர்ந்தவர். மாற்றான் ஊர், மாற்றான் கூட்டம், ஆட்டம் தொடங்கிய ஒன்பதாம் நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். சென்னை பதறவில்லை. மெயில்சன் ஆல்வெஸ் இருமுறை கார்னர் உதைகளைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். அவர் முன்வரிசைக்காரர் அல்லர், பின்வரிசைக் காவலர். 3-2 என்று சென்னை பட்டம் வென்றது. நகரும் ஆட்டத்தில் எதிரியை மிஞ்ச முடியாத இடத்தில், பந்து நின்றிருக்கும் வேளையைப் பயன்படுத்திக்கொண்ட ஆட்டம் அது.

அத்துடன் கதை முடிந்திருந்தால் காப்புக் கட்சியே வென்றது என்று நான் தீர்ப்புக் கூறியிருப்பேன். ஆனால் அடுத்த ஆண்டு அதே அணி, அதே மேனேஜரின் கீழ், 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளே பெற்றுப் பட்டியலின் கடைசியில் நின்றது. அதற்கடுத்த 2019-20 பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. ஆறு ஆட்டங்களில் நான்கே கோல்கள், ஒரே வெற்றி. கிரெகரி விலகினார், ஸ்காட்லாந்துக்காரரான ஓவன் கோயல் வந்தார்.

கோயல் தாக்குதல் கட்சி. ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பழையவர்களே. ஆனால் காலியாக விடும் இடம் மாறிவிட்டது. அடுத்த 12 ஆட்டங்களில் அதே அணி 28 கோல்கள் போட்டது. கொச்சியில் கேரள அணியை 6-3 என்று வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆறு அடித்ததோடு மூன்று வாங்கவும் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வாலைத் தொட்டுக்கொண்டிருந்த அணி நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவா அணியை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 6-5 என்று வென்று இறுதிக்குள் நுழைந்தது.

இறுதியில் எதிர்நின்றது கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. அதன் பயிற்சியாளர் அன்டோனியோ ஹபாஸ், மூவரைப் பின்னே நிறுத்தி, ஐவரை நடுவிலே நெருக்கி, வாய்ப்பு வரும்வரை பொறுத்திருக்கும் காரியவாதி. நம் மைதானத்து வழக்கு அப்படியே அகில இந்திய அரங்கில் ஏறியது எனலாம். பிப்ரவரி 16ஆம் நாள் கொல்கத்தாவிலேயே இவ்விரு அணிகளும் மோதியபோது சென்னை 3-1 என்று வென்றிருந்தது. மார்ச் 14ஆம் நாள் கோவாவில், கொரோனா நோயின் அச்சத்தால் பார்வையாளர் எவருமின்றி நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. வென்றது. கணக்கு என்ன தெரியுமா? அதே 3-1. நான்கு வாரங்களுக்கு முன் பெற்ற கணக்கைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே எண்ணிக்கையைக் கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பது விளங்குகிறது. பட்டம் பெற்றுத் தந்ததும் காரியவாதம்; பட்டியலின் அடியில் தள்ளியதும் அதுவே. இறுதிவரை ஏற்றியதும் தாக்குதல். இறுதியில் இடறியதும் அதுவே. வலி, காலம், இடம் மூன்றும் பொருந்தியபோது இரண்டும் வென்றன. பொருந்தாதபோது இரண்டும் தோற்றன.

பேச்சை இந்த இடத்திலேயே நிறுத்தினால், "இதுவும் சரி, அதுவும் சரி" என்று நழுவிவிட்டேன் என்று மாணவர்களாகிய நீங்கள் குறை சொல்வீர்கள். அது நியாயமே. ஆதலால் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். சம்பளம் பெற்று ஆடும் பெரியவர்களுக்கு எந்த வழி வெற்றி தருகிறதோ அதுவே வழி. பள்ளி அணிக்கும் கல்லூரி அணிக்கும் தாக்கி ஆடுவதே முதற்பாடமாக இருக்கவேண்டும்.

காரணம் கேளுங்கள். கோலைக் காக்க மட்டும் பழக்கப்பட்ட சிறுவனுக்குப் பந்து ஓர் ஆபத்து. அது காலுக்கு வந்தவுடன் எங்கேனும் தூர உதைத்துவிடவேண்டும் என்பதே அவன் அறிந்தது. தாக்கிப் பழகுகிறவனுக்கோ பந்து ஒரு பொறுப்பு. அதை வாங்கவேண்டும், அடக்கவேண்டும், தலை நிமிர்ந்து பார்க்கவேண்டும், யாருக்குத் தருவது என்று கணத்தில் தீர்மானிக்கவேண்டும். தவறினால் ஒரு கோல் விழும். ஓர் ஆட்டம் தோற்கும். பள்ளிப் பருவத்தில் ஓர் ஆட்டத்தின் தோல்வி பெரிய விலையன்று. பந்தைக் கண்டு அஞ்சுகிற பழக்கமோ இருபது வயதுக்குமேல் எந்தப் பயிற்சியாளராலும் மாற்றமுடியாத பழக்கம். தாக்கக் கற்றவனுக்குப் பின்னால் காக்கக் கற்றுக்கொடுக்கலாம். காக்க மட்டும் கற்றவனுக்குத் தாக்கக் கற்பிப்பது அரிது.

இதற்கு மறுப்பும் உண்டு. ஆறு கோல், ஏழு கோல் என்று வாங்கினால் பிள்ளைகள் மனம் உடைந்து ஆட்டத்தையே விட்டுவிடமாட்டார்களா என்று கேட்பார்கள். உண்மையான கேள்வி. 2004ஆம் ஆண்டு கிரேக்க நாடு ஐரோப்பியக் கோப்பையை வென்ற விதத்தையும் எடுத்துக்காட்டுவார்கள். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் 1-0; மூன்று கோல்களும் தலையால் முட்டியவை. வலிமை குறைந்தவன் வலியவர்களை வெல்ல வேறு வழி ஏது? ஆனால் அவர்கள் பக்குவப்பட்ட ஆட்டக்காரர்கள். பந்தை ஆளத் தெரிந்தபின், ஆளாமல் விட்டுக்கொடுக்கத் தீர்மானித்தவர்கள். தெரிந்து விடுவது வேறு. தெரியாமல் விடுவது வேறு. பயிற்சியாளர் தம் மாணவர்களுக்கு ஒழுங்காக நிற்கவும் சொல்லிக்கொடுக்கட்டும். தோற்றுத் திரும்பும் நாளில் ஏசாமலும் இருக்கட்டும். பிள்ளைகள் மனம் உடைவது தோல்வியைக் காட்டிலும் ஏச்சினாலேதான்.

கடலூர் மக்களுக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டக் கரையில் ஏறி எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் கடலூர், பெண்கள் காற்பந்தாட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊராக வளர்ந்தது. அலையில் பெற்றோரை இழந்து அரசு இல்லத்தில் தங்கிப் படித்த சிறுமியரும் அங்கே பந்து பழகினார்கள். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தின் அணி, இந்தியப் பெண்கள் லீக் போட்டியில் ஆடும் அளவுக்கு உயர்ந்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடினார். அவர் இடம்பெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ஆம் ஆண்டு கட்டக்கில், பலமுறை தேசியப் பட்டம் வென்ற மணிப்பூரை இறுதியாட்டத்தில் 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாகத் தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தது. பந்தைக் கண்டதும் தூர உதைத்துவிடக் கற்ற பெண்கள் நடுக்களத்தில் நின்று ஆட்டத்தை நடத்த முடியுமா? "நீ முன்னே போகலாம்" என்று யாரோ ஒருவர் அவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும் அன்றோ?

பேருந்தில் ஏறிய நம் நண்பர்கள் இருவரும் இந்நேரம் சிதம்பரம் வந்து சேர்ந்திருப்பார்கள். வழக்கு இன்னும் ஓயாதிருந்தால் அவர்களை நடராசர் சந்நிதிக்கு அழைத்துச் செல்வேன். ஆடுகின்ற பெருமானுக்கு ஒரு பாதம் ஊன்றி நிற்கிறது. ஒரு பாதம் தூக்கி நிற்கிறது. காண்பவர் கண் தூக்கிய திருவடியிலேயே செல்லும். ஆனால் ஊன்றிய பாதம் இல்லையேல் தூக்கிய பாதம் ஏது? அதுபோலவே, ஊன்றிய பாதம் மட்டும் இருந்தால் அது நிற்றல், ஆட்டம் ஆகாது.

திடலுக்குச் செல்லும் மாணவ நண்பர்களே, நாளை மாலை உங்கள் காலுக்குப் பந்து வரும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து இரண்டு குரல்களும் கேட்கும். ஒரு கணம் தலை நிமிர்ந்து பாருங்கள். முன்னே இடம் இருந்தால் போங்கள். பந்து பறிபோனால் திரும்பி ஓடி வாருங்கள். அவ்விரண்டையும் மனமாரச் செய்கிறவனே ஆட்டக்காரன்.